ஓரியூர்ச் செம்மணலும் உயிர்ப்பின் வினாவும்



1693ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 4ஆம் நாள், மறவர் சீமையில் பாம்பாற்றங்கரையில் அமைந்த ஓரியூரில், காவியுடுத்த துறவி ஒருவர் தலை வெட்டுண்டு மாண்டார். அன்று புதன்கிழமை. கத்தோலிக்கத் திருச்சபையின் நாட்கணக்கில் அது விபூதிப் புதன். மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்கே மீள்வான் என்று நினைவூட்டி நெற்றியில் சாம்பல் இடும் நாள். அவ்வாண்டு உயிர்ப்புப் பெருநாள் மார்ச்சு 22இல் வந்தது. எந்த ஆண்டிலும் அப்பெருநாள் அதற்கு முந்தி வருதல் இயலாது. அதன் கணக்கு முறை அத்தகையது. சாம்பலுக்கும் உயிர்ப்புக்கும் இடையே எப்போதும் உள்ள தொலைவு 46 நாள். அத்துறவியால் நெறிப்பட்ட சிறு கூட்டம் அந்த 46 நாளையும் அவரின்றிக் கடந்து, அவரின்றியே உயிர்ப்பைக் கொண்டாட வேண்டியதாயிற்று.

துறவியின் பிறப்புப் பெயர் ழுவான் தெ பிரித்தோ. 1647இல் லிசுபன் நகரில் உயர்குடியிற் பிறந்து, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்து, பதினைந்தாம் அகவையில் இயேசு சபையிற் சேர்ந்து, 1673இல் கப்பலேறியவர். தமிழகம் வந்தபின் பண்டாரசாமிகளின் கோலம் பூண்டு, புலால் நீத்து, அருளானந்தர் என்னும் பெயரோடு உலவினார். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கொடுந்துன்பம் உற்றார். அப்போது இரகுநாதக் கிழவன் சேதுபதி அவரை உயிரோடு விடுத்தார்; இச்சீமையில் இனிச் சமயம் பேசலாகாது என்பதே கட்டளை. தாயகம் சென்ற அவரை அங்கேயே இருத்திக்கொள்ள அரசர் முயன்றும் தங்காது 1690இல் மீண்டு வந்தார். மீண்டது எங்கே? விலக்கப்பட்ட அதே சீமைக்கு.

தடியத் தேவர் என்பார் சேதுபதிப் பட்டத்துக்கு உரிமை பேசத்தக்க குடியினர். கடும்பிணி நீங்கப் பெற்றுத் திருமுழுக்கை வேண்டினார். மனைவியர் பலருள் ஒருத்தியோடு மட்டும் வாழ இசைந்த பின்னரே அருளானந்தர் அதனை அளித்தார். விலக்கப்பட்டவருள் கடலை என்னும் பெண் சேதுபதியின் உறவினள். அவள் அரண்மனையில் முறையிட்டாள். சனவரி 8இல் அருளானந்தர் பிடிபட்டார். இராமநாதபுரம் கொண்டுசெல்லப்பட்டு, பின் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். சாவுக்கு முந்திய நாள் சிறையிலிருந்து அவர் எழுதிய மடல் கிடைத்துள்ளது. கலக்கமற்ற மடல் அது. தம் மேல் சாட்டப்பட்ட குற்றத்தைத் தாமே ஏற்று, அது குற்றமாயின் அதற்காகத் துன்புறுதல் மகிழ்ச்சியே என்னும் பொருளில் எழுதுகிறார். 1853இல் முத்திப்பேறு பெற்றவராகவும் 1947இல் புனிதராகவும் உரோமை அவரை அறிவித்தது.

இது வரலாறு. இதன்மேல் ஒரு நம்பிக்கை படிந்திருக்கிறது. அவர் குருதி சிந்திய இடத்து மண் சிவந்தது. இன்றும் சிவப்பாகவே உள்ளது என்பர். வருவோர் அச்செம்மணலை அள்ளித் தாளில் மடித்துக் கொண்டுபோய் வீட்டு மாடத்தில் வைப்பர். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் பூசுவர்.

ஐயுறுவோர் விடுவரா? இக்கடற்கரை நெடுகத் தெற்கே தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் வரை தேரி எனப்படும் செம்மணல் மேடுகள் உண்டு. மணற்பருக்கையின்மேல் இரும்புத்துரு ஏடாகப் படிந்து சிவந்தவை அவை. அங்கெல்லாம் எந்தத் துறவியும் வெட்டுண்டதில்லை என்பர். சரியான மறுப்புத்தான். இம்மறுப்பைக் கேட்டுச் சினக்கும் கிறித்தவர், மணல் வெறும் மணலே என்று நாளை மெய்ப்பிக்கப்பட்டால் தம் நம்பிக்கை என்னாகும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் நன்று. அருளானந்தர் மணலைக் காட்டி யாரையும் அழைத்தவரல்லர்.

குறிகளில் பொருள் தேடுவது எத்துணை எளிது என்பதற்கு ஒன்று காட்டலாம். 1964 திசம்பர்ப் புயலில் பாம்பன் தொடர்வண்டிப் பாலம் சிதைந்தது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் அது சீர்செய்யப்பட்டது 46 நாளில். சாம்பலுக்கும் உயிர்ப்புக்கும் இடைப்பட்ட நாளும் 46! மேடைப் பேச்சாளர் ஒருவர் கையில் இது கிடைத்தால் பாலமே உயிர்த்தெழுந்துவிடும். ஆயினும் இது தற்செயல், அதற்குமேல் ஒன்றுமில்லை. செம்மணலைப் பற்றியும் இவ்வளவில் அமைதல் தகும்.

சமயத்தை மறுப்பாரும் அதற்கு விடையிறுப்பாரும் தமிழுக்குப் புதியவர் அல்லர். மணிமேகலையும் நீலகேசியும் வாதத்தாலேயே நடக்கும் நூல்கள். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி எழுதியவற்றுள் ‘தூஷணத் திக்காரம்’ என ஒன்றும் ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என ஒன்றும் உண்டு. முன்னது கிறித்தவத்தின்மீது கூறப்பட்ட பழிகளுக்கு மறுப்பு; பின்னது மறுபிறவிக் கொள்கைக்கு எதிருரை. இருநூற்றைம்பது ஆண்டு கழிந்தோ, இல்லை, இன்னும் குறைவாகவோ, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளியிட்டார். அது பாதிரியார்க்கு மறுப்பு. தூஷணம் என்னும் சொல் இருபாலார்க்கும் வேண்டியிருந்தது என்பது நகைப்புக்குரியதே. 1880களில் சென்னையிலிருந்து வந்த ‘தத்துவ விவேசினி’ இதழாரோ இருவரையும் ஒருங்கே மறுத்தனர். அதன்பின் பெரியாரின் இயக்கம் வந்தது; ஐயவினா ஊர்தோறும் தேநீர்க்கடை வரை இறங்கிற்று.

இக்கண்டன நூல்களால் தமிழ் உரைநடை உரம் பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றைப் புரட்டுவார்க்கு ஒரு குறை புலப்படும். எதிரி சொல்வதில் மிக வலுவானது எது என்று தேடி அதற்கு விடை சொன்னவர் சிலரே. மெலிந்ததைத் தேடிப் பிடித்து அடித்து வென்றவரே பலர். உயிர்ப்பைப் பற்றிய வாதங்களிலும் இக்குறை நீங்கியபாடில்லை. ஐயுறுவோரை அறிவிலி என்பாரும், நம்புவோரை மூடர் என்பாரும் ஒரே வகுப்பில் பயின்றவர் போலும்.

வலுவான ஐயங்கள் எவை?

ஒன்று, இசுகாத்துலாந்து மெய்யியலார் டேவிட் இயூம் 1748இல் எழுப்பியது. இறந்தவர் எழுவதில்லை என்பதற்கு மாந்தரினம் முழுவதன் பட்டறிவும் சான்று. எழுந்தார் என்பதற்குச் சிலர் வாய்மொழி சான்று. வாய்மொழி பொய்யாதலும் மயக்கமாதலும் நாள்தோறும் காணப்படுவன. ஆகலின் அறிவுடையார் எந்தப் பக்கம் சாய்வர்? இதனை எள்ளி நகையாடிக் கடந்துபோதல் கூடாது. இன்னொன்று, நான்கு நற்செய்திகளும் ஒன்றோடொன்று இசையாமை. கல்லறைக்குச் சென்ற பெண்கள் எத்தனை பேர், கண்ட வானதூதர் ஒருவரா இருவரா, உயிர்த்தவர் தோன்றியது எருசலேமிலா கலிலேயாவிலா என ஒவ்வொன்றிலும் வேறுபாடு. உடலைச் சீடரே திருடிச் சென்றனர் என்னும் பேச்சும் உண்டு. இதனை வெளியிலிருந்து யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மத்தேயு நற்செய்தியே அப்பேச்சைப் பதிவு செய்கிறது.

மூன்றாவது, தமிழர்க்கே உரியது. மேனாட்டு நூல்களில் இதனைக் காண இயலாது. மயிலாப்பூரில் குடத்திலிருந்த எலும்பையும் சாம்பலையும் சம்பந்தர் பூம்பாவையாக்கி எழுப்பினார். திங்களூரில் அரவு தீண்டி மாண்ட அப்பூதியடிகளின் மைந்தனை நாவுக்கரசர் எழுப்பினார். அவிநாசியில் முதலை உண்ட பிள்ளையைச் சுந்தரர் மீட்டார். இவற்றைப் பெரிய புராணமும் தலமரபும் போற்றுகின்றன. “எருசலேமில் நடந்ததை நம்பும் நீர் மயிலையில் நடந்ததை ஏன் நம்பவில்லை? இரண்டையும் ஏற்பீர், அன்றேல் இரண்டையும் விடுவீர்” என்று ஒருவர் கேட்டால், கிறித்தவ எழுத்தாளர் என்ன சொல்வர்? பெரும்பாலும் பேச்சை மாற்றுவர்.

இவ்வினாவுக்கு நேர்மையான விடை, முதற்கண் ஒப்புக்கொள்ளலிலிருந்தே தொடங்க வேண்டும். அற்புதம் என்னும் அளவில் ஒன்றை ஏற்று மற்றதைப் பழித்தல் முறையன்று. பிறகு ஒரு வேறுபாடு சொல்லலாம். பூம்பாவை மீண்டும் பெண்ணாக வாழ்ந்தாள். அப்பூதியாரின் பிள்ளை மீண்டும் பிள்ளையாய் விளையாடினான். விவிலியத்து இலாசரும் கட்டவிழ்த்து வீட்டுக்குப் போனான். இவர்கள் யாவரும் பின்னொரு நாள் இறந்திருப்பர். இது உயிர் மீளல். இயேசுவைப் பற்றிச் சீடர் சொன்னது இவ்வகையினதன்று. அவர் பழைய வாழ்வுக்குத் திரும்பி வந்து தச்சுவேலையைத் தொடர்ந்தார் என அவர்கள் சொல்லவில்லை. அடையாளம் காண இயலாதவராய் வழியில் உடன் நடக்கிறார். அப்பம் பிட்கையில் அறியப்படுகிறார். அறிந்த கணமே மறைகிறார். எனினும் காயத்தழும்பு உள்ளவர், மீன் உண்பவர். முரணானவற்றை ஒருங்கே சொல்லத் திணறும் மொழி அது. பழந்தமிழ்க் கிறித்தவர் இதற்கு ‘உத்தானம்’ என்ற சொல்லைக் கொண்டனர். பிற்காலத்தார் ‘உயிர்த்தெழுதல்’ என்றனர். இப்போது ‘உயிர்ப்பு’ என்று சுருங்கியுள்ளது. மூன்றுள் எழுகையை விடுத்து உயிரை மட்டும் நிறுத்திய கடைசிச் சொல்லே பாவலர்க்கு உகந்தது போலும். எனினும் எழுகை இல்லாத உயிர்ப்பில் உடல் சற்றே மறைந்துவிடுகிறது என்னும் குறையையும் குறித்தல் வேண்டும்.

உயிர்ப்பை ஐயுற்றோரின் பட்டியலை விவிலியமே தருகிறது என்பது பலரும் கருதாத ஒன்று. சதுசேயர் உயிர்ப்பே இல்லை என்றனர். எழுவர் சகோதரர்க்கு முறையே மனைவியான ஒருத்தி, உயிர்ப்பில் எவர்க்கு மனைவி என்று கேட்டு மடக்கினர். ஏதென்சு நகரத்தார் பவுல் பேசிக்கொண்டிருக்கையில் உயிர்ப்பு என்ற சொல் வந்ததும் நகைத்தனர். இவர்கள் வெளியார். உள்ளேயும் அதுவே நிலை. கல்லறை வெறுமையாய் இருந்ததென மகதலா மரியாளும் பிற பெண்களும் வந்து சொன்னபோது சீடர்கள் அதனை வீண்பேச்சென்று தள்ளினர் என்று லூக்கா எழுதுகிறார். மத்தேயுவின் கடைசிக் காட்சியில், மலைமேல் அவரைக் கண்டு வணங்கியோருள்ளும் சிலர் ஐயுற்றனர் என்று ஒரு சொல் நிற்கிறது. வெற்றியைப் பறைசாற்றும் இடத்தில் இச்சொல் எதற்கு? புனைந்துரைப்போர் அதனை நீக்கியிருப்பர்.

தோமாவைச் சொல்லாமல் இப்பொருள் நிறைவுறாது. ஆணித்தழும்பில் விரலையும் விலாவில் கையையும் இட்டாலன்றி நம்பேன் என்றவர் அவர். தழும்பைக் காட்டியவர் அவரை வெருட்டவில்லை. தொட்டுப்பார் என்று கையை நீட்டினார். இந்தத் தோமாவே மயிலையில் உயிர் நீத்தவர் என்பது கிறித்தவர் மரபு. மரபாக மட்டும் அதனைக் கொண்டாலும், ஒரு வியப்பு எஞ்சுகிறது. எலும்பிலிருந்து பூம்பாவை எழுந்த அதே ஊரில், எழுந்தவரைத் தொடாமல் நம்ப மறுத்தவரின் கல்லறை இருக்கிறது. நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் மயிலாப்பூர் ஒருங்கே இடங்கொடுத்துள்ளது.

இனி, ஐயங்களுக்கு விடையாகச் சொல்லத்தக்கவை சிலவே. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடல், சிலுவைச் சாவுக்கு ஏறத்தாழ 25 ஆண்டுக்குள் எழுதப்பட்டது. உயிர்த்தவரைக் கண்டோர் எனப் பெயரும் தொகையும் அதில் உள்ளன. அவருட் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கின்றனர் என்றும் குறிக்கிறார். போய்க் கேட்கலாம் என்பது குறிப்பு. தலைமுறை பல கடந்து முளைத்த கதை என்னும் கூற்று இதனால் வலுவிழக்கும். அன்றைய யூத நாட்டில் பெண்களின் சாட்சியம் பெரிதும் மதிக்கப்படவில்லை. நம்பவைக்கப் புனைவோர் முதற் சாட்சியராகப் பெண்களை நிறுத்தியிரார். நான்கு நூல்களின் வேறுபாடும் கூடிப்பேசிக் கட்டியது அன்று என்பதற்கே துணையாகும். இவை பொருட்படுத்தத்தக்க வாதங்கள். ஆயினும் இவை ஒருவரை நம்பு என்று கட்டாயப்படுத்தும் வலிமை உடையன அல்ல. இயூமின் தராசில் இவற்றை வைத்தாலும் தட்டு சாயாது என்பவர் நேர்மையற்றவர் ஆகார்.

வேதசாட்சியரைச் சான்றாக நிறுத்துவாரும் உளர். “பொய்க்காக யார் சாவர்?” என்பது மேடைகளில் எடுபடும் வினா. ஆனால் அருளானந்தர் கொள்கைக்காக இறந்தது உண்மையெனில், கழுவேறிய சமணர் பற்றிய மதுரைக் கதையும் அதே மொழியைத்தான் பேசுகிறது. பாக்தாதில் கொல்லப்பட்ட மன்சூர் அல் அல்லாசும் அப்படியே. சாவு ஒருவர் உள்ளத்தின் மெய்ம்மையைக் காட்டும்; கொள்கையின் மெய்ம்மையைக் காட்டாது. 1549இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் கொல்லப்பட்ட அந்தோனியோ கிரிமினாலியை இயேசு சபையின் முதல் வேதசாட்சி என்பர். அச்சாவின் பின்னணியில் இராமேசுவர யாத்திரிகரிடம் போர்த்துக்கேயர் வாங்கிய வரியும் அதனால் மூண்ட பகையும் இருந்தன. அங்கே சமயம் எங்கு முடிகிறது, சுங்கம் எங்குத் தொடங்குகிறது? ஓரியூரிலும் பட்டத்துரிமைப் பூசல் கலவாமலில்லை. உரிமை பேசத்தக்க ஒருவர் வேற்றுச் சமயம் புகுந்து ஆள் திரட்டக்கூடும் என்ற அச்சம் எந்த மன்னனுக்கும் எழும். கிழவன் சேதுபதி சமய வெறியர் அல்லர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவர்தம் நண்பர் என்பதைத் தமிழுலகம் அறியும்.

வாதங்கள் இவ்வளவே செல்லுமெனில் உயிர்ப்பு யாருக்கு, எதற்கு வேண்டியதாகிறது? இவ்வினாவுக்கு நூலகத்தைவிடக் கடற்கரையே நல்ல இடம்.

1964 திசம்பர் 22 நள்ளிரவில் தனுசுக்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து சென்ற பயணியர் வண்டி நிலையத்தை நெருங்குகையில் பெட்டிகளோடு கடலில் மூழ்கியது. அதில் இருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டவர். புயலில் மாண்டோர் தொகை ஏறத்தாழ 1,800 என்பர். பின் அவ்வூர் வாழத்தகாததென அறிவிக்கப்பட்டது. பவழக்கல்லால் எழுப்பிய கோயிற் சுவர்கள் கூரையின்றி இன்றும் நிற்கின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தபின் அங்கே வண்டிகள் வரிசையாக வருகின்றன. பீடம் இருந்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். கூரையற்ற கோயில் படத்துக்கு அழகாகத்தான் இருக்கும்.

அங்கே மாண்டவருள் பலரின் உடல் கரை சேரவில்லை. கடற்கரைப் பெண்களுக்கு இது அந்த ஒரு நாளின் துயரன்று. கடலுக்குப் போனவன் மீளாத வீட்டில், புதைக்க உடலில்லை. மண் தள்ளக் குழியில்லை. கணவன் இறந்தானா, எங்கேனும் கரையேறினானா என்றறியாத பெண், தாலியைக் கழற்றுவதா வேண்டாவா என்று ஆண்டுக்கணக்கில் தத்தளிப்பாள். அவளிடம் சென்று உடல் உயிர்த்தெழும் என்று சொல்லும் குருவானவர் எந்த உடலைச் சொல்கிறார்?

வியப்பு என்னவெனில், இக்கேள்வி பழைய கேள்வி. கிறித்தவத்தைக் கடிந்த கிரேக்க மெய்யியலார் ஒருவரின் வினாக்களை மக்காரியுசு மக்னேசு என்பார் தம் நூலில் காத்து வைத்துள்ளார். போர்பிரியின் வினாக்கள் அவை எனக் கருதுவார் பலர். அவற்றுள் ஒன்று: கலம் உடைந்து ஒருவன் கடலில் மாள்கிறான். மடவை மீன்கள் அவன் உடலைத் தின்கின்றன. அம்மீனைப் பிடித்துச் செம்படவர் உண்கின்றனர். அவர்கள் கொலையுண்ண, நாய்கள் அவர்களைத் தின்கின்றன. நாய்கள் சாக, கழுகுகள் தின்கின்றன. இனி அந்தக் கலமுடைந்தவன் எங்கிருந்து, யார் உடலிலிருந்து திரட்டப்படுவான்? இராமேசுவரத்தில் மடவையைக் குழம்பு வைக்காத வீடில்லை. அவ்வினா ஏட்டில் இருப்பதைவிட இங்கே கூர்மையாக இருக்கிறது.

அகுத்தீனார் தம் ‘கடவுளின் நகர்’ நூலின் இருபத்திரண்டாம் பகுதியில் இத்தகைய வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்து விடை தேடுகிறார். ஆவியாய்ப் போனதையும் படைத்தவன் மீட்பான் என்கிறார். கணக்குப் பார்க்கும் விடை அது, நிறைவு தருவதன்று. பவுலின் விடையே ஆழமுடையது. அவர் கணக்குக்குள் இறங்கவே மறுக்கிறார். விதைப்பவன் நாளை வரப்போகும் பயிரை விதைப்பதில்லை, வெறும் மணியையே விதைக்கிறான். மணிக்கும் பயிருக்கும் உருவ ஒப்புமை இல்லை. எனினும் அந்த மணியின்றி அந்தப் பயிர் இல்லை என்பது அவர் கருத்து. உழவர் அறிந்த உவமை. உப்பங்காற்றில் வாழும் பரதவர்க்கு நெல்லும் நாற்றும் சற்றே தொலைவு. கடலிலிருந்து ஓர் உவமையை இதற்கு இக்கரைப் பாவலர் இன்னும் தரவில்லை. இவ்வட்டத்தின் இளையோர் முயலலாம்.

அதே கரையில் வேறு விடைகளும் உள. அக்கினி தீர்த்தத்தில் ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் எள்ளும் நீரும் இறைப்பவர், உடலைத் தேடுவதில்லை. சாம்பலைக் கடலுக்கே தந்து, உயிரின் வழிப்பயணத்துக்குத் துணை நிற்கின்றனர். கீழக்கரையிலும் ஏறுவாடியிலும் தொழுவோர்க்கோ மறுமை நாளில் எழுப்பப்படுதல் சமயத்தின் அடிப்படையே. எலும்பும் புழுதியும் ஆனபின்னா எழுப்பப்படுவோம் என்று மக்கத்தார் ஏளனம் செய்ததையும், முதலிற் படைத்தவனுக்கு மீளப் படைத்தல் அரிதன்று என்ற மறுமொழியையும் திருக்குர்ஆன் பதிந்துள்ளது. ஆக, உடல் எழும் என்பதில் இக்கடற்கரையின் இசுலாமியரும் கிறித்தவரும் ஓரணியினர்; ஐயுறுவோரும் இருவர்க்கும் பொதுவானவரே. தர்க்கத்துக்கு இது பெருஞ்செய்தி. ஆனால் இரு சமயத்தாரும் இதனை ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை.

மேற்சொன்ன கடற்கரைப் பெண்ணுக்கு வருவோம். அவள் உயிர்ப்பைக் கொள்கையாக வேண்டவில்லை. போனவன் பெயரற்றுக் கரைந்துபோகவில்லை, அவனை அவனாகவே அறிந்தவர் ஒருவர் உளர் என்பதே அவள் கேட்பது. உயிர்த்தவரின் உடலில் தழும்பு இருந்தது என்னும் செய்தி இங்கேதான் பொருள் கொள்கிறது. பட்ட துன்பம் துடைத்தெறியப்படவில்லை, அதுவே அடையாளமாயிற்று. இது வாதத்தால் நிறுவப்பட்டதன்று. ஐயுறுவார், ஆறுதலாய் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பர். மெய்தான். ஆறுதலாய் இருப்பதாலேயே பொய்யாகியும் விடாது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அவ்விடத்தில் குரலை உயர்த்தும் போதகரைவிட, அவள் வீட்டுத் திண்ணையில் சும்மா அமர்ந்திருப்பவர் மேலானவர்.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. கிறித்தவ எழுத்தாளர் பலர் தொடத் தயங்குவது. தடியத் தேவரின் விலக்கப்பட்ட மனைவியர் கதை அது. அருளானந்தர் சரிதங்களில் கடலை என்பவள் பொறாமைக்காரியாகவே வருகிறாள்; ஏரோதியாளோடு அவளை ஒப்பிட்டு மகிழ்ந்தாரும் உண்டு. அவள் செய்த பிழை யாது? முறைப்படி மணந்தவன் ஒரு நாள் திடுமென நீ மனைவியல்லள் என்கிறான். அவளை யாரும் வினவவில்லை. அவள் தன் குடும்பத் தலைவரிடம் போய் முறையிட்டாள். ஒருவனுக்கு ஒருத்தி என்னும் அறம் உயர்ந்ததே. ஆயினும் அவ்வறத்தின் விலையைக் கொடுத்தவர் தடியத் தேவர் மட்டும் அல்லர். ஐயுறுவோர் இங்கே எழுப்பும் குற்றச்சாட்டுக்கு அருளானந்தரின் தூய்மை விடையாகாது. உயிர்ப்பின் முதற் செய்தியைப் பெண்கள் சொன்னபோது ஆடவர் வீண்பேச்சென்று தள்ளினர் என எழுதிவைத்த சமயத்தார், ஓரியூர்ப் பெண்களின் சொல்லை ஒருவரி கூட எழுதிவைக்கவில்லை. மதுரை மறைப்பணியாளரின் மடல்கள் கட்டுக்கட்டாய்க் கிடைக்கின்றன. அவற்றில் அவர்கள் பேசுவதில்லை. அருளானந்தரைப் பற்றிக் காப்பியமும் நாடகமும் எழுத முனைவோர்க்கு இது எழுதப்படாத படலம்.

ஓரியூரில் இப்போது நடப்பது இது. திருவிழாக் காலத்தில் மறவர் சீமையின் பல ஊர்களிலிருந்து மக்கள் வருகின்றனர். அவருள் கிறித்தவர் அல்லாதாரும் திரளாக உண்டு. கொன்ற அரசரின் குலத்தார் உட்பட. பிள்ளைக்கு முடியிறக்குகின்றனர், நேர்ந்துகொண்ட கிடாயை வெட்டிச் சமைத்துப் பந்தி வைக்கின்றனர். புலால் நீத்த துறவிக்குக் கிடாய் வெட்டா என்று குருமார் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவர் உயிரோடிருக்கிறாரா என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்தது, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்தோம் என்பர். தலை வீழ்ந்த இடத்தில் குழந்தையின் தலைமுடி விழுகிறது. திரும்பும்போது ஒரு பிடி செம்மணலைத் தாளில் மடித்து முந்தானையில் முடிந்துகொள்கின்றனர்.